வெளியாள் வாய்

மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் என்ன? மெரினாவில் சுண்டல், பெசன்ட் நகரில் கூட்டம், வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விடிய விடியப் பாட்டுப் போட்டுக் கொல்லும் ரிசார்ட். இவ்வளவுதான். எனக்கு வேலை வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரில். காலையில் மாட்டிய ஹெட்போனைச் சாயங்காலம் கழற்றினால் காதுக்குள் யாரோ குக்கர் வைத்த மாதிரி விசில் அடிக்கும். குடியிருப்பதும் மந்தைவெளி பஸ் டிப்போவுக்கு எதிரில். காது டாக்டர், “சாய்நாத் சார், கொஞ்ச நாள் சத்தமில்லாத இடமாப் போய் இருங்க” என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். மெட்ராஸில் சத்தமில்லாத இடமா? இங்கே சுடுகாட்டுக்குப் போகிற வழியில்கூடப் பட்டாசு வெடிக்கிறான்.

கூட வேலை பார்க்கும் ரூஹிதான் செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாள். கடலோரம் மாடி அறை. கூட்டம் கிடையாது, சத்தம் கிடையாது, வீட்டுச் சாப்பாடு. எங்கே என்று பார்த்தால், மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம். பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் ரோஷக்காரர்கள். எனக்குப் பெண்டாட்டி இருந்தாள், கோயம்புத்தூரோடு போய்விட்டாள். குழந்தை குட்டி இல்லை. போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மாசி மாத வெயில் இன்னும் சூடேறவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு அம்மாள் அப்பளப்பூவைப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். “பவுல்சாமி வீடு எதும்மா?” என்றேன். வாயைத் திறக்கவில்லை. முகவாய்க்கட்டையால் கடைசி வீட்டைக் காட்டிவிட்டு மறுபடி அப்பளப்பூவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மரியாதை தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரம்மா மர்சலின், வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது. ஆள் வருகிறதைக் கண்டதும் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், சொந்தத் தம்பி துபாயிலிருந்து வந்தால்கூட யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

“வாங்க சார், வாங்க. படி செங்குத்தா கீது, பாத்து ஏறுங்க. கொழாத் தண்ணி உப்பு, குளிக்கத்தான் ஆவும். குடிக்க கேன் வச்சிக்கிறேன். மீனு துன்னுவீங்கதான? ஐயரு கியரு இல்லியே?”

“எல்லாம் சாப்பிடுவேன், அக்கா.”

“மாதா காப்பாத்துனா. தயிர் சோறே போடணுமோன்னு பயந்துக்கினு இருந்தேன். இது எம்பொண்ணு ஷெரிலோட ரூமு. பெங்களூர்ல நர்சு. அவதான் போன்ல போட்டு உட்டா, சும்மாதான கெடக்கு, யாராச்சும் வந்து தங்கட்டும்னு. நீங்கதான் மொதல்ல வந்துக்கிறீங்க. பேசிக்கினு இருக்கலாம்.”

பேசுவதற்கா நான் வந்தேன்? தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அமைதி என்றால் அப்படியொரு அமைதி. ஜன்னலைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டிக் கடல். அலை வரும், போகும். காக்கா ஒன்று கத்தும். தூரத்தில் உடைந்த பாலம் தெரியும். வீட்டுக்குள் டிவி கிடையாது, வாசலில் அரட்டை கிடையாது, ஒரு பிச்சைக்காரன்கூடக் குரல் கொடுக்கவில்லை. படுத்தேன், தூங்கினேன், சாப்பிட்டேன், மறுபடி படுத்தேன். காதுக்குள் அடித்த விசில் மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. பணம் கொடுத்துக் கோவா போகிறவன் எல்லாம் முட்டாள் என்று ரூஹிக்குச் செய்தி அனுப்பினேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காலையில் தெரு பெருக்குகிற பெண்கள் மர்சலின் வீட்டு எல்லை வந்ததும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தண்ணீர் லாரி வந்தால் குப்பமே கூடி நின்று கூச்சல் போடும். மர்சலின் குடத்தோடு போனதும் கூச்சல் பொட்டென்று நிற்கும். யாரும் அவளைத் தள்ளவில்லை, திட்டவில்லை. ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் பிடித்துக்கொண்டு திரும்பும் வரை வானத்தையும் லாரி சக்கரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் முதுகு மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து கூச்சல் ஆரம்பமாகும். அடித்து விரட்டியிருந்தால்கூட ஒரு சத்தம் இருந்திருக்கும்.

மர்சலினின் புருஷன் பவுல்சாமி மீன் பிடிக்கிறவர். அவர் வீட்டுக்கே மீன் சைதாப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வந்தது. மர்சலின் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள்.

ஒருநாள் கீழே கை கழுவிக்கொண்டிருந்தேன். மர்சலின் சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அது இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் பூ. மர்சலினுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. அவள் என்னைப் பார்த்து, “மாடி சார், இந்தத் தென்ன மட்ட எங்க ஓட்டு மேல சாயுது. கொஞ்சம் சொல்லுங்க” என்றாள்.

யாரிடம் சொல்வது? மர்சலின் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் திருதிருவென்று முழித்தேன்.

மர்சலின் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வெட்டிடறோம்னு சொல்லுங்க சார்” என்றாள்.

“வெட்டிடறாங்களாம்” என்றேன்.

“சரின்னு சொல்லுங்க. அப்பால, அடுப்புல கொழம்பு கருகற வாசன வருது, அத்தயும் சொல்லுங்க.”

நான் சொல்வதற்குள் மர்சலின் எழுந்து உள்ளே ஓடினாள். அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அடுக்களை வாசலில் போய் நின்று, “இன்னாக்கா நடக்குது இங்க?” என்று கேட்டேன். நானும் அவள் பாஷைக்கு வந்துவிட்டிருந்தேன்.

மர்சலின் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாள். முறத்தில் காரப்பொடி மீன் கிடந்தது. ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

“ஊரு எங்கள தள்ளி வச்சிக்கீது சார். யாரும் பேசக்கூடாது, குடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. வெளியாள் வாயால பேசுனா குத்தம் இல்ல. நீங்க வர்றதுக்கு முந்தி வெளியாளும் இல்ல. பேசிப் பேசியே வளந்தவ சார் நானு. நாலு சொவத்தப் பாத்துக்கினு கெடந்தேன். பைத்தியம் புடிக்கறா மாதிரி ஆயிப்போச்சி.”

“எதுக்காகத் தள்ளி வச்சாங்க?”

“தோ, இப்ப வந்துச்சே, தேசம்மா. அது வூட்டுக்காரரு கெஜா. எங்காளும் அவரும் ஒண்ணா வளந்தவங்க. ஐப்பசி மழையில கெஜா ஒண்டியா கடலுக்குப் போனாரு. எங்காளுக்கு ஜொரம், கூடப் போவல. போட்டு மட்டும் கவுந்து கோவளத்தாண்ட கர ஏறுச்சி. ஆளு இல்ல. ஊரே தேடுச்சி. அப்பால எல்லாம் உட்டுட்டாங்கோ. இவரு மட்டும் உடல. டெய்லி போட்ட எடுத்துக்கினு ஒண்டியா போவாரு. ஒருநாளு ஓடி வந்து, ‘கெஜாவப் பாத்துட்டேன், கொடி கட்டிட்டு வந்துக்கிறேன், வாங்க’ன்னாரு.”

கடலில் போட்ட வலை எங்கே கிடக்கிறது என்று தெரிய, மிதவையில் குச்சி நட்டுக் கறுப்புக் கொடி கட்டி விடுவார்கள். அந்த மிதவைக் கயிற்றைத்தான் பவுல்சாமி பிணத்தின் இடுப்பில் கட்டிவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

“போய்ப் பாத்தா கொடி ஆடிக்கினு கீது. கயிறு கீது. கயித்துல ஒண்ணியும் இல்ல. கடல்ல பொணத்தப் பாத்தா உட்டுட்டு வரக்கூடாது சார். யாரு பொணமா இருந்தாலும். தூக்க முடியலன்னா கயித்தக் கட்டி இஸ்துக்கினு வரணும். அதுவும் முடியலன்னா இன்னொரு போட்டு வர்ற வரிக்கும் பக்கத்துலயே கெடக்கணும். அது எங்க ஊரு சட்டம். ஏன்டா உட்டுட்டு வந்தேன்னு கேட்டாங்கோ. எண்ண தீந்துபோச்சி, தனியா கர வந்து சேந்ததே பெருசுன்னாரு. டேங்க்க தொறந்து பாத்தாங்கோ. பாதிக்கு மேல எண்ண கீது.”

“அப்போ பொய்யா?”

“எண்ணயில பொய் சொன்னவன் பொணத்துலயும் பொய்தான் சொல்லிக்கிறான்னு ஊரு சொல்லிடுச்சி. தேசம்மா, எம்புருசன் சாவல, இவன்தான் சாவடிக்கறான்னு மண்ணு வாரித் தூத்துச்சி. ஆந்திரா பக்கம் எங்கியோ கர ஏறிக்கிறாரு, வந்துடுவாருன்னு சொல்லிக்கினே கீது. டெய்லி அவருக்கும் சேத்துத்தான் சோறு வடிக்குது. அவ எனக்கு யாரு தெரியுமா சார்? எனக்குப் பிரசவம் பாத்து, என் துணிய அலசிப் போட்டவ.” மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். “கோயிலாண்ட வந்து, ‘நான் ஒண்ணியும் பாக்கல, பொய் சொன்னேன்’னு ஒரு வார்த்த சொன்னா சேத்துக்கறேன்னுது ஊரு. இந்த மனுசன் மாட்டேன்றாரு.”

“உங்களுக்கு இன்னா தோணுதுக்கா? பாத்தாரா, பாக்கலியா?”

“அது மாதாவுக்குத்தான் தெரியும். என்னாண்டயும் எண்ண தீந்துபோச்சின்னுதான் சொல்றாரு.”

அன்றைக்கு மாடிக்குப் போய்ப் படுத்தேன். அதே அமைதிதான், ஆனால் தூக்கம் வரவில்லை. நான் பணம் கொடுத்துச் சந்தோஷமாகப் படுத்துக்கொண்டிருந்தது இவர்களுக்கு விழுந்த தண்டனைக்குள். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

பவுல்சாமியைப் பார்ப்பதே அபூர்வம். விடிந்ததும் மணலுக்குப் போய்விடுவார். அவருடைய ஃபைபர் போட்டு கரையில் மல்லாந்து கிடந்தது. அதைத் தண்ணீரில் தள்ள நாலு தோள் வேண்டும். தள்ள ஆள் இல்லாமல் போட்டுக்கு அடியில் மணல் ஏறி, உள்ளே காக்கா எச்சமாகக் கிடந்தது. அவர் அதன் நிழலில் உட்கார்ந்து, கிழியாத வலையில் கிழிசல் தேடிக்கொண்டிருப்பார். பெரிய உடம்பு. பேச்சு வெளியே வரவே யோசிக்கும்.

ஒருநாள் காலையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசை கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கடலு நல்லா இருக்கே.”

“நல்லாத்தான் கீது. நெத்திலி வந்துக்கீது. தண்ணி நெறத்தப் பாருங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

வலைக்காரர்களில் ஒருத்தன், “சார்! மாடி சார்! சும்மா குந்திக்கினு கீறியே, வந்து ஒரு கை புடி” என்று கத்தினான். போனேன். கயிறு உள்ளங்கையை உரித்துவிட்டது. அரைமணியில் இடுப்பு விட்டுப்போயிற்று. “ஆபீஸ் ஒடம்பு, பாவம்” என்று பெண்கள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பவுல்சாமி எழுந்து நின்றிருந்தார். கயிறு இறுகும்போதெல்லாம் அவருடைய தோளும் சேர்ந்து பின்னால் போயிற்று. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. எனக்கும் ஒரு பையில் நெத்திலி போட்டுக் கொடுத்தார்கள். கொண்டுபோய் மர்சலினிடம் நீட்டினேன். கையை நீட்டப் போனவள் இழுத்துக்கொண்டாள்.

“ஊரு மீனா?”

“என் பங்கு. நான் வெளியாள்தானே?”

பையை வாங்கி, திறந்து, மூக்குக்கிட்டே வைத்து மோந்து பார்த்தாள். “எங்க தண்ணி மீனு” என்றாள். அப்புறம் உடைந்து அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். மத்தியானம் மாங்காய் போட்டு நெத்திலிக் குழம்பு வைத்தாள். பவுல்சாமி ஒரு வாய் வைத்தார், யார் மீன் என்று கேட்கவில்லை, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். தண்டோரா போட்ட அன்றே சாயங்காலம் கீழே சண்டை. நான் ஒட்டுக் கேட்கவில்லை, அந்த வீட்டில் மூச்சு விட்டாலே மாடிக்குக் கேட்கும்.

“சொல்லிடுயா. ஒரே ஒரு வார்த்த. நாளைக்கு ஷெரிலுக்கு ஒரு நல்லது நடந்தா யாருயா வருவா? நான் செத்தா தூக்க ஆளு வேணாமா?”

“சொன்னா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் வாசல்லயே நிக்கும், மர்சு.”

“நிக்கட்டும்! நின்னாத்தான் அவளுக்கு உசுரு. நீ சொல்ற நெசம் யாருக்குயா ஒதவுது? அவளும் நம்பல, ஊரும் நம்பல. கட்டினவ நானே நம்பலாமா வேணாமான்னு முழிச்சிக்கினு கீறேன். சரி, நீ பாத்தியே, எண்ணயில ஏன்யா பொய் சொன்ன?”

அவர் எழுந்து வாசலுக்கு நடக்கிற சத்தம் கேட்டது.

“சொல்ல மாட்ட. அப்ப அங்க வந்து, பாக்கலன்னாவது சொல்லு. என்னால முடியலயா. ஊர்ல ஒருத்தராண்ட வாய் தெறந்து பேசி எத்தினி மாசம் ஆவுது? செவுத்தாண்ட பேசறேன்யா நானு.”

வாசலிலிருந்து அவர், “சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் பவுல்சாமி வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. வாசல் படியில் நின்று செருப்பைத் தேடினார். காலடியிலேயே கிடந்த செருப்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மர்சலின் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் மாடிப் படியில் நின்று பார்த்தேன்.

“மாடி சார்! கொஞ்சம் எறங்கி வாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் தேசம்மா. அன்றைக்குப் புதுப்புடவை கட்டியிருந்தாள். நான் போய்ச் சுவரோரம் நின்றேன். இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவள், நடுவில் நான்.

“கேளுங்க சார். இன்னிக்கு, பாக்கலன்னு சொல்லப் போறாராமே. ஊரெல்லாம் பேச்சு. எனக்கு சந்தோசம்தான். அங்க சொல்றதுக்கு முந்தி இங்க சொல்லட்டும். எம்மொகத்தப் பாத்து சொல்லட்டும்.”

“அண்ணே, இங்க சொல்லணுமாம்.”

பவுல்சாமி என்னைத்தான் பார்த்தார். அவளைப் பார்க்கக்கூடாதே.

“நான் ஒண்ணியும் பெருசா கேக்கல சார். அவரு வருவாருன்னு நான் காத்துக்கினு இருக்கட்டுமான்னு கேளுங்க. அத மட்டும் கேளுங்க.”

இதை எந்த வாயால் திருப்பிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். “காத்துக்கிட்டு இருக்கட்டுமான்னு கேக்கறாங்க, அண்ணே.”

மர்சலின் பல்லைக் கடித்துக்கொண்டு, “இருக்கட்டும்னு சொல்லுயா. சொல்லிடுயா” என்றாள்.

பவுல்சாமி படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“வேணாம்னு சொல்லுங்க சார்.”

“வேணாமாம்” என்றேன்.

மர்சலின் தலையில் அடித்துக்கொண்டாள். தேசம்மா சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எண்ண இருந்துச்சா, இல்லியான்னு கேளுங்க.”

“இருந்துச்சின்னு சொல்லுங்க சார்.”

“அப்ப ஏன் உட்டுட்டு வந்தாராம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பவுல்சாமி பேச ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“மொதல்ல ஒண்ணியும் தெரியல சார். ஆளு கெடச்சிட்டான்னு சந்தோசமாக்கூட இருந்துச்சி. தேடித் தேடி வெறுத்துப் போயிருந்தேனா. கைய புடிச்சி இஸ்தேன், தூக்க முடியல. சரி, எங்கியும் போயிடாம இருக்கட்டும்னு மொதல்ல கொடியக் கட்டுனேன். அப்பால இன்னொரு கயித்த போட்டுல கட்டி, ஸ்டார்ட் பண்ணி, இஸ்துக்கினு வந்தேன். திரும்பிப் பாத்தேன். அவன் பின்னாலயே வந்துக்கினு இருந்தான். மொகத்த மேல வச்சிக்கினு, என்னையே பாத்துக்கினு. நான் வேகமா போனா அவனும் வேகமா வரான். சுத்தி ஒரு போட்டு இல்ல. நானும் அவனுந்தான். எனக்கு மூச்சே வரல சார். போட்டுல கட்டுன கயித்த அறுத்துட்டேன். கொடி இருக்குதே, ஆளுங்கள இட்டுக்கினு வந்துடலாம்னு நெனச்சேன். கொடி கட்டுன முடிச்சுதான் சரியா உழல. கட்டும்போதே கை நடுங்கிக்கினு இருந்துக்கீது, எனக்குத் தெரியல. சின்ன வயசுலேந்து முடிச்சுப் போடற கை சார் இது. கடல்காரன் பொணத்தப் பாத்து பயந்தேன்னு எப்படி சொல்லுவேன்? கெஜாவப் பாத்துப் பயந்தேன்னு யாராண்ட சொல்லுவேன்?”

நான் திரும்பிச் சொல்ல வேண்டும். பயந்துட்டாராம் என்று ஒரு வார்த்தை. வரவில்லை. தேசம்மாவும் என்னைப் பார்க்கவில்லை.

“பவுலு” என்றாள்.

மர்சலின் கையிலிருந்த ஜெபமாலை அப்படியே நின்றது. சுவருக்கு மேலாகத் தேசம்மா அவரையே பார்த்தாள்.

“எங்கப்பன் செத்தப்பகூட நீ தெருக்கோடியிலயே நின்ன. சாவு வூட்டு வாசப்படி மிதிக்காதவன் நீ. கெஜா உன்ன எவ்வளவு கிண்டல் பண்ணுவாரு.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “இந்த அசிங்கத்த யாரும் இட்டுக்கட்டி சொல்ல மாட்டாங்க. பவுலு, அவர பேரு சொல்லிக் கூப்ட்டியா?”

“கூப்ட்டேன் தேசம்மா. கூப்ட்டுக்கினே இருந்தேன்.”

“ஒண்ணியும் சொல்லலியா அவரு?”

“இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். சரி, சரி என்பதுபோல ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுவரைத் தாண்டி, ஆமாம், புதுப்புடவையோடு காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டி, இந்தப் பக்கம் விழுந்தாள். மர்சலின் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேசம்மா வாயைத் திறந்தாள்.

“ஐயோ எஞ்சாமி! என்ன உட்டுட்டுப் போயிட்டியா!”

அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை. தியேட்டரில் எத்தனையோ பேர் அழுவதைப் பதிவு செய்தவன் நான். அந்தக் குரலைக் கேட்டு நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அந்தக் குப்பத்தில் சாவுக் குரல் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் போக வேண்டும். சண்டை, கோபம் எதுவும் பார்க்கக்கூடாது. முதலில் பெட்டிக்கடைக்காரி வந்தாள். மர்சலின் வீட்டு எல்லையில் ஒரு கணம் நின்றாள். உள்ளேயிருந்து மறுபடி குரல் எழுந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகத் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசல் நிறைந்தது. மர்சலினைச் சேர்த்துப் பிடித்து வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். “மர்சு, தண்ணி எங்க வச்சிக்கிற?” என்று ஒருத்தி கேட்டாள். “அண்டாவுல கீதுக்கா” என்று அழுகைக்கு நடுவிலேயே மர்சலின் சொன்னாள். ஊரில் ஒருத்தர் அவளிடம் நேராகக் கேட்டு அவள் பதில் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மண்டபத்தில் காத்திருந்த ஆண்களும் வந்தார்கள். நடந்ததைத் தேசம்மாவே சொன்னாள். ஊர்த் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “பயந்தவன ஊரு ஒண்ணியும் பண்ணாது. பொய் சொன்னவனத்தான் கேக்கும். அத்த அப்பால பேசிக்கலாம். மொதல்ல கெஜாவுக்கு ஆவறதப் பாருங்கடா” என்றார்.

ஆளாளுக்கு ஓடினார்கள். சாமியானா வந்தது, பெஞ்சு வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மர்சலினிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அவளுக்குக் காது கேட்கவில்லை, நாலு பேரோடு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாள். நல்லதுதான். ஆனாலும் மனசு கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்னை ‘சார், சார்’ என்று கூப்பிட ஆள் இருந்த நாட்கள் அவை. மாடிக்குப் போய்த் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

தேசம்மா வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் உருவம் செய்வது அவர்கள் வழக்கம். கெஜாவின் சட்டைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் வைக்கோலைத் திணித்து, முகத்துக்குத் துணி சுற்றி, மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பவுல்சாமி தன் வீட்டுச் சுவரோரமே நின்றார்.

“பவுலு, கடேசியா அவனத் தொட்டவன் நீதான்” என்றார் தலைவர். “தலமாட்டுல நீதான் புடிக்கணும். வா.”

பவுல்சாமி சுற்றிலும் பார்த்தார். பையோடு நின்றிருந்த என்னிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சார், கூட வாங்க. அது வரிக்கும் வந்தா போதும். தனியா போவ முடியல.”

பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு நடந்தேன். மணிக்கட்டை விடாமல் அவரும் கூடவே வந்தார். கூட்டம் வழி விட்டது. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் நின்றுவிட்டார். மாலைக்குள்ளிருந்து கெஜாவின் நீலச் சட்டைக் காலர் காற்றில் ஆடியது. பவுல்சாமியின் கால் பின்னால் ஒரு அடி போயிற்று.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தேசம்மா தலையைத் தூக்கினாள். குரல் கட்டிப் போயிருந்தது.

“இந்தவாட்டி அவர உட்டுட்டுப் போயிடாத, பவுலு.”

அவர் என் மணிக்கட்டை விட்டார். குனிந்து, இரண்டு கையாலும் தலைமாட்டைப் பிடித்தார்.